மைதானத்துக்கு வரப்பு போட்டோம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதம், நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரியில் நடந்தது இது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. நான் இண்டர்மீடியட் இரண்டாம் வருடம். கல்லூரியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சண்டைக்கு வந்தால் எனக்குப் பயமில்லை. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதை வாசிப்பார்கள், பாவம்.

எனக்கு நயமாகப் பேச வராது. வீட்டிலும் அப்படித்தான், வகுப்பிலும் அப்படித்தான். அதனால்தான் மாணவர் மன்றத்துக்குப் பெண்கள் சார்பில் என்னை அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு எழுந்து நிற்கவே கூச்சம். என்னோடு வந்த இன்னொருத்தி ஆரல்வாய்மொழிக்காரி. அவளுக்கு என்னைவிட வாய் நீளம். ஆனால் சபையில் பேசமாட்டாள். என் காதில் சொல்லுவாள், நான் எழுந்து சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரியில் பையன்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். பெண்கள் ஒரு கைப்பிடி. எங்களுக்கு வராந்தாவின் கடைசியில் ஓர் அறை உண்டு. மணி அடித்தால் ஆசிரியர் பின்னாலேயே வகுப்புக்குப் போக வேண்டும். பாடம் முடிந்ததும் அவர் பின்னாலேயே வெளியேறி மறுபடி அந்த அறைக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு முடிந்தால் பஸ் வருகிற வரைக்கும் அதே அறை. அங்கே ஒரு கேரம் போர்டு கிடந்தது. அடிக்கிற காய் எப்போதோ தொலைந்துவிட்டது. சட்டைப் பொத்தானை வைத்து அடிப்போம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பையன்களின் பெரிய கால்பந்து மைதானம். பச்சைப் புல், வலை கட்டிய கோல் கம்பம், சுண்ணாம்புக் கோடு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விளையாட்டுக் கட்டணம் மட்டும் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே அளவு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கால்பந்து மைதானத்துக்கு மேற்கே, ஒரு படி உயரத்தில், கல்லூரிக்குச் சொந்தமான ஒரு விளை கிடந்தது. பனை நின்ற மேட்டு நிலம். மேல விளை என்று சொல்லுவோம். பனைகளை வெட்டிவிட்டார்கள். மண்ணில் நின்ற அடிக் குற்றிகளும் குழிகளும் மட்டும் மிச்சம். விளையின் ஓரமாக ரோடு போனது. களியக்காவிளைப் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்து, அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள் கட்டுகிறேன், அதற்குப் பதிலாக மாணவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு மண்டபம் கட்டித் தருகிறேன் என்று நிர்வாகத்திடம் சொன்னார். எங்கள் பிரின்சிபால் ஒரு மாதிரியான மனிதர். மாணவர்களுக்கான விஷயம் என்றால் மாணவர்களே பேசி முடிவு செய்யட்டும், மன்றம் எழுதிக் கொடுக்கிறபடி நிர்வாகத்திடம் சொல்லுகிறேன் என்றார். சொன்னபடியே செய்கிறவர். அதனால் மன்றத்தின் ஓட்டுக்கு உண்மையாகவே பலம் இருந்தது.

முதல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நடந்தது. சரித்திரப் பேராசிரியர் தலைமை. மேஜையில் ஒரு பித்தளை மணி வைத்திருப்பார். சத்தம் கூடினால் அடிப்பார், மற்றபடி வாயைத் திறக்கமாட்டார். மன்றத்தின் செயலாளர் பி.ஏ. மாணவர், பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, சட்டம் படிக்கப் போகிறவர். இங்கிலீஷில் நீளமாக ஒரு தீர்மானம் வாசித்தார். கடை வரட்டும், மண்டபம் வரட்டும், மண்டபத்தில் ரேடியோ, கேரம், டேபிள் டென்னிஸ் எல்லாம் வரும், விளையாட்டு நிதியில் இருப்பதை வைத்து கால்பந்து மைதானத்தில் பார்வையாளருக்கு ஒரு கொட்டகை போடலாம், இதுதான் சாரம். பையன்கள் மேஜையைத் தட்டினார்கள்.

ஆரல்வாய்மொழிக்காரி என் தொடையில் கிள்ளினாள். நான் எழுந்தேன். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும். தமிழிலேயே கேட்டேன், அந்த மண்டபத்தில் நாங்களும் வந்து விளையாடலாமா என்று.

செயலாளர் யோசித்தார். பையன்களோடு சேர்ந்து என்றால் வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள், அதனால் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம் என்றார். எப்போது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பூட்டிக் கெடக்கும்லா" என்றேன்.

சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் உட்காரவில்லை. எங்களுக்கு மண்டபம் வேண்டாம், அந்த மேல விளையைத் தாருங்கள், நாங்கள் ரிங் டென்னிஸ் ஆடுவோம், பூப்பந்து ஆடுவோம், சும்மா ஓடவாவது செய்வோம் என்றேன். எங்கள் கட்டணமும் அந்த நிதியில்தானே இருக்கிறது, அதை வைத்து நிரவிக் கொடுங்கள் என்றேன். குழியும் குற்றியுமாகக் கிடக்கிற இடத்தை நிரவக் கண்ட்ராக்டர் வைக்க வேண்டும், அதற்கு நிதி தாங்காது, கொட்டகைக்கே சரியாகப் போய்விடும் என்றார் செயலாளர். நான் விடவில்லை. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவரும் தமிழுக்கு இறங்கினார்.

"அவ்வளவு ஆசைன்னா நீங்களே மம்பட்டி எடுத்து நிரவிக்கிடுங்க."

இந்தத் தடவை சந்தேகமில்லை, என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சிலர் பெஞ்சில் குனிந்து மண் வெட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

"சரி" என்றேன். "இப்ப சொன்னத அப்பிடியே தீர்மானத்துல எழுதுங்க."

பேராசிரியர் மணியை அடித்தார். அது திருத்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருத்தம் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அப்போது பின் பெஞ்சிலிருந்து கால்பந்து அணியின் கேப்டன் எழுந்தான். கடற்கரைப் பையன், மீன்பிடிக்கிற குடும்பம். ஆடுகிறபோது பூட்ஸ் போடமாட்டான், வெறுங்காலில் அடிப்பான். மன்றத்தில் அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பேச்சு பாட்டு மாதிரி இழுபடும்.

"நிரவியாச்சுன்னு யாரு சொல்லுகது? அடுத்த கூட்டத்து அன்னைக்கு நான் பந்தோட போறேன். அந்த மூலையில நின்னு அடிச்சா இந்த மூலை வரைக்கும் பந்து உருளணும். உருண்டா எடம் அவியளுக்கு. உருளலன்னா கடைக்கு."

விளையாட்டுக்காரனுக்கு எல்லாமே பந்தயம். அடுத்த கூட்டத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. எல்லோரும் கையைத் தூக்கினார்கள். சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்கள். செயலாளரும் தூக்கினார். பெண்களாவது மண் வெட்டுவதாவது என்ற தைரியம்.

மறுநாள் எங்கள் அறையில் நான் விஷயத்தைச் சொன்னபோது பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். மம்பட்டியும் கையுமாக நின்றால் நாளைக்கு எவன் பெண் பார்க்க வருவான் என்று ஒருத்தி அழுதே விட்டாள். ஆரல்வாய்மொழிக்காரி அவளிடம் சொன்னாள்: "வாறவன்கிட்ட சொல்லு மக்கா, என்னக் கெட்டுனா உனக்கு வயலுல ஒரு ஆள் கூலி மிச்சம்னு." அழுதவள் சிரித்துவிட்டாள். அவள்தான் பிறகு எல்லோரையும்விட நன்றாக வெட்டினாள்.

எங்களில் முக்கால்வாசி வயல்காரர் வீட்டுப் பெண்கள். கன்னிப்பூப் போகம் அறுத்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு வயலைத் திருத்துகிற காலம் அது. ஊரெல்லாம் உழவும் தொளிச் சேறும். எந்த வீட்டில் பார்த்தாலும் மம்பட்டி கழுவிச் சாத்தியிருக்கும். நான் என் வீட்டிலிருந்து எடுத்ததைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொருத்தி மண் சுமக்கப் பனையோலைக் கடவங்கள் கொண்டுவந்தாள். மண் இறுக்குகிற திமிசுக் கட்டையைக் கல்லூரித் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கினோம்.

நாலு மணிக்குத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். கீழே கால்பந்து மைதானத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எப்போது நாற்று நடப்போகிறீர்கள், குலவை போடுவீர்களா, கஞ்சி வருமா என்று என்னென்னவோ கேட்டார்கள். ஆரல்வாய்மொழிக்காரி கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள், "கஞ்சி உண்டு. வேல செய்தவங்களுக்கு." அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார்கள்.

பிரின்சிபால் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். கூப்பிட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தோம். பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டார். அதுவே எங்களுக்கு உத்தரவு மாதிரி இருந்தது.

பனங்குற்றிகளைப் பெயர்ப்பதுதான் பெரும்பாடு. வேரைச் சுற்றித் தோண்டி, கயிறு கட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுப்போம். குற்றி பிடுங்கிக்கொண்டு வரும்போது நாங்கள் எல்லோரும் ஒரேயடியாக மல்லாந்து விழுவோம். அந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் சிரித்ததில்லை, பின்னாலும் சிரித்ததில்லை. உள்ளங்கை கொப்புளித்தது. பேனா பிடிக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் எப்போது வரும் என்று இருந்தது.

ஒருநாள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் கண்டக்டர் சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது, நீ காலேஜில் மண் வெட்டுகிறாயாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். படிப்பை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் குழம்பை நன்றாகப் பிசைந்தார். பிறகு கேட்டார்.

"வரப்பு வச்சியா?"

"இல்ல."

"வரப்பு இல்லாம என்ன நெலம் மக்ளே? ரோட்டுல போற மாடெல்லாம் ஏறும். மழை பெஞ்சா நெரவுன மண்ணு பூரா கரைஞ்சு கீழ போவும். சுத்தி வரப்பு வையி. நெலம் நெரப்பா இருக்கான்னு தண்ணி நிக்குதத வச்சுப் பாரு. எல்லா எடத்துலயும் ஒரே அளவு நிக்கணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே வரப்பு வைத்தோம். மைதானத்துக்கு வரப்பு எதற்கு என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரப்பு வைக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்து வளர்ந்த வேலை. நாலு பக்கமும் முழங்கால் உயரம், மண்ணைக் குழைத்து அப்பி, மம்பட்டியின் முதுகால் தட்டி வழவழப்பாக்கினோம். உள்ளே பலகை போட்டு இழுத்து, திமிசு போட்டு இறுக்கினோம். சரல் மண், சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்துக்கு முந்தின நாள் பார்த்தபோது கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. செயலாளரின் முகம் சுண்டிப் போயிருந்ததாக ஆரல்வாய்மொழிக்காரி சொன்னாள். அவள் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி மழை பிடித்தது. ஐப்பசி மழையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். விடிந்தும் நிற்கவில்லை. குடையும் புத்தகமுமாக நனைந்து கல்லூரிக்குள் நுழைந்தவுடன் நான் மேல விளைக்குத்தான் ஓடினேன்.

அது விளை இல்லை, வயல். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை ஒரே அளவு. ஓர் இடத்தில்கூட மேடு தெரியவில்லை. அப்பா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். இரண்டு கொக்கு வேறு வந்து நின்றன.

நாங்கள் வைத்தது ஒரு துளி ஒழுகாத வரப்பு. அதில் ஒரு வடிகால் வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. தண்ணீரைத் தேக்கி வைக்கிற புத்தியிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். வயலில் தண்ணீர் நின்றால் எங்களுக்குச் சந்தோஷம்தான் வரும். அது மைதானம் என்பதே மறந்துபோய்விட்டது.

கல்லூரி முழுக்கச் சிரித்தது. செயலாளர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, நாற்று எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மரியாதையாக விசாரித்தார். அவரை அந்தத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். ஆரல்வாய்மொழிக்காரி பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் மழை விட்டது. வெயில்கூட அடித்தது. தண்ணீர் அப்படியே நின்றது. இறுக்கிய மண்ணில் எங்கே இறங்கும்? நாலு மணிக்குக் கூட்டம். பந்து உருளாவிட்டால் இடம் கடைக்குப் போகும், நாங்கள் அந்த அறைக்கே திரும்பிப் போக வேண்டும். அழுதவள் மறுபடி அழுதாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் மம்பட்டியை எடுத்தேன். கிழக்கு வரப்புக்குப் போனேன். வரப்புக்கு வெளியே அந்தப் பக்கம்தான் தாழ்வு.

ஆரல்வாய்மொழிக்காரி என் பின்னாலேயே வந்தாள். "ஏட்டி, கீழ பயக்க கிரவுண்டு கெடக்கு. நாளக்கழிச்சு அவனுவளுக்கு மேட்ச் உண்டும்லா."

"கெடக்கட்டும். நம்ம எடம் போவுது."

ஒரே வெட்டுத்தான். இரண்டாவது வெட்டுக்கு வேலையே இல்லை. தண்ணீர் வரப்பைத் தானே பிளந்துகொண்டு பாய்ந்தது. இன்னும் நாலைந்து இடத்தில் மற்றப் பெண்கள் வெட்டினார்கள். அம்மாடி, என்ன சத்தம்! சிவப்புத் தண்ணீர் மேட்டிலிருந்து குதித்து, கால்பந்து மைதானத்துக்குள் இறங்கி, மழை விட்டதும் புதிதாகப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே ஓடியது. கோல் கம்பத்துக்கு முன்னால் போய்க் குளமாக நின்றது. பையன்கள் வகுப்புகளிலிருந்து வெளியே ஓடிவந்தார்கள். "லேய், வெட்டிட்டாளுவல" என்று ஒருவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் வரப்பின் மேல் நின்று கத்தினோம். பயமா சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. இரண்டும் சேர்ந்து தலைக்கு ஏறியிருந்தது.

மேலே எங்கள் தரை வடிந்து, வெயிலில் ஈரம் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

நாலு மணிக்குக் கூட்டம் என்று பெயர், சந்தைக்கடை என்றுதான் சொல்ல வேண்டும். மன்றத்தில் இல்லாதவர்களும் வாசலிலும் ஜன்னலிலும் தொங்கினார்கள். பேராசிரியர் மணியை அடித்து அடித்து அதன் நாக்கே கழன்று விழுந்துவிட்டது. செயலாளருக்கு அன்றைக்கு இங்கிலீஷ் வெள்ளமாக வந்தது. பொதுச்சொத்தைப் பாழாக்கியவர்கள், ஒழுங்குமீறல், மன்னிப்பு எழுதி வாங்க வேண்டும், மேல விளையைக் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல மேஜை அதிர்ந்தது. நான் எழுந்து பேசப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மொத்தமும் போய்விட்டது என்று தெரிந்தது.

கேப்டனை மட்டும் காணவில்லை. அவன் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மைதானத்தில்தான் அவன் உயிர். வெளியூர்க் கல்லூரியோடு மேட்ச். போன வருடம் அவர்களிடம் தோற்றதற்கு இந்த வருடம் பதில் சொல்லுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், முழங்கால் வரைக்கும் சேறு. கக்கத்தில் பந்து. வழி விட்டார்கள். சத்தம் அடங்கியது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, நேரே பேராசிரியரிடம் போனான்.

"சார், மேல போய் அடிச்சுப் பாத்தேன். இந்தால மூலையில இருந்து அந்தால மூலை வரைக்கும் பந்து உருளுது. எங்கயும் நிக்கல. கொள்ளாம், நல்ல தரை."

செயலாளருக்கு நம்ப முடியவில்லை. உன் மைதானத்தை மூழ்கடித்துவிட்டார்களே, அதைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டார்.

"பாத்தேன். அதுக்குள்ள எறங்கித்தானே வாறேன்."

"பொறவு?"

"அது எனக்கும் அவியளுக்கும் உள்ள வழக்கு. அத நான் அவியகிட்ட கேட்டுக்கிடுவேன். இப்ப உள்ள கேள்வி பந்து உருளுதா இல்லியான்னுதான். உருளுது. உருண்டா எடம் அவியளுக்குன்னு நாமதான் கையத் தூக்குனோம். நீயும்தான் மக்கா தூக்குன."

சொல்லிவிட்டுப் பந்தை மேஜைமேல் வைத்தான். அது உருண்டு போய் பேராசிரியரின் மைக்கூட்டைக் கவிழ்த்தது.

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு இன்னொருவன். செயலாளர் விதிகளைப் பற்றி என்னவோ ஆரம்பித்தார். பேராசிரியர் முதல் தடவையாக நீளமாக ஒரு வாக்கியம் பேசினார்: போன கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் இருக்கிறது, அதன் நிபந்தனை நிறைவேறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்கலாம். தூக்கினார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பத்தவில்லை. கால்பந்து ஆடுகிற பையன்கள் அத்தனை பேரும் கேப்டனைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேல விளை எங்களுடையதாகிவிட்டது.

ஆரல்வாய்மொழிக்காரி சபை என்றும் பார்க்காமல் கூப்பாடு போட்டாள். அந்த வருடம் முழுக்க மன்றத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

நாங்கள் அறைக்குத் திரும்பிக் குதித்துக்கொண்டிருந்தோம். வராந்தாவில் ஆள் வந்து நின்றது. பையன்கள் யாரும் அந்தப் பக்கம் வருகிற வழக்கமில்லை. கேப்டன்தான். நல்ல தூரத்தில் நின்றான். வழக்குக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். வந்தால் வரட்டும், நானும் கேட்கிறேன் என்று வெளியே போனேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

"நாளக்கழிச்சு மேட்ச்" என்றான். "எங்க பயக்களுக்குக் கடல்ல எறங்கத் தெரியும், வெள்ளத்த வடிக்கத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லா. மம்பட்டிய எடுத்துட்டு வாங்க."

அவ்வளவுதான் அவன் வழக்கு.

அன்றைக்கு நாங்கள் கடைசி பஸ்ஸுக்குத்தான் போனோம். கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் ரோட்டோரத்து ஓடை வரைக்கும் வாய்க்கால் எடுத்தோம். பையன்களும் இறங்கினார்கள். மம்பட்டியைத் துடுப்பு மாதிரி பிடித்தார்கள். ஆரல்வாய்மொழிக்காரி அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள், கூடவே கேலியும் செய்தாள். போன வாரம் எங்களைப் பார்த்துக் குலவை போடுவீர்களா என்று கேட்டவன், இடுப்பு ஒடிந்து நின்றான். நாங்கள் அவனுக்காகக் குலவை போட்டோம். கல்லூரியில் பெண்களும் பையன்களும் ஒரே இடத்தில் நின்று ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான் நான் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் நேரமில்லை.

ஓடையில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் மொத்தக் கூட்டமும் கத்தியது. கோல் கம்பத்துக் குளம் கண்ணுக்கு முன்னால் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் புல் தலையைக் காட்டியது.

மேட்ச் நடந்தது. ஜெயித்தார்களா என்று கேட்காதீர்கள். தோற்றார்கள். ஈரத்தில் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து, பந்து அவனைத் தாண்டிப் போனது. பெண்கள் வெட்டிவிட்ட தண்ணீர்தான் காரணம் என்று செயலாளர் கல்லூரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேப்டனிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். ரெண்டு அணியும் அதே ஈரத்தில்தானே ஆடியது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் வழியில் அவனைப் பார்த்தபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். நல்ல வார்த்தை எனக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நின்றேன், அவன் தலையாட்டினான், போய்விட்டான். அந்த வருடத்தோடு அவன் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

வரப்பில் வடிகால் வைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் மேல விளையில் முதல் ஆட்டம் ஆடினோம். ரிங் டென்னிஸ். வலைக்குப் பதிலாகக் கயிறு. எங்களுக்கு ஆட்ட விதி பாதி தெரியாது. வளையத்தைப் பிடிக்கிறேன் என்று நானும் ஆரல்வாய்மொழிக்காரியும் மோதிக்கொண்டு விழுந்தோம். எழுந்திருக்கவே தோன்றவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம், சுற்றி மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூட ஆசிரியையாக, சங்கத்து உறுப்பினராக, எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதிராக நின்றவர்கள், என்னை அவமானப்படுத்தியவர்கள், எல்லோரும் அங்கே இருந்திருக்கிறார்கள். கோபம் எனக்குக் குறைந்ததே இல்லை, இன்றும் குறையவில்லை. ஆனால் கையைத் தூக்க வேண்டிய நேரம் வரும்போது, முழங்காலில் சேறோடு நின்ற அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான். என் வழக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் கையைத் தூக்குகிறேன்.